சதுர ஓட்டைக் காசு

இது நடந்தது. கதை கட்டித்தான் பொழுது போக வேண்டும் என்ற தலையெழுத்து எனக்கில்லை. சொன்னவள் காளியாயி. வாயைத் திறந்தால் பாதி பொய் வரும், அதை மறைப்பானேன்? பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டால் ‘அது என் கோழி முட்டை’ என்று சண்டைக்கு நிற்கிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் கை தன்னால் நெற்றிக்குப் போகும். உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொண்டுதான் பேசுவாள். குரலும் இறங்கிவிடும். அது போக, கடைசியில் அந்தக் காசைத் தோட்டமே கூடி நின்று பார்த்தது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பேர் வேண்டாம், அந்த லயத்து வரிசை வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வருஷம் ஐம்பத்தேழு. மார்கழியில் நாடே வெள்ளத்தில் மிதந்ததே, அதே வருஷம்தான்.

லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களில் அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். அண்ணன் சோலைமலை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி காளியாயி. தம்பி வீரய்யா, மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி சண்முகவடிவு. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எழும்பாத சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

காளியாயிக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம், வயிறு திறக்கவில்லை. வேண்டாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. வடிவு வந்து மறுவருஷமே புளியங்காய் தேடினாள். இதுவே போதும், ஒரு பெண்ணின் வயிறு எரிய. போதாததற்கு வடிவு சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வடிவு கொழுந்து பறித்தால் சின்னத்தம்பி கங்காணி, “பாத்துப் படிங்க புள்ளைகளா, அவ கூடையில ஒரு முத்தல் இலை இருக்கா?” என்பார். வடிவு சுட்ட ரொட்டி வட்டமாக வரும். காளியாயி சுட்டால் இலங்கை வரைபடம் மாதிரி வரும். எதற்குத்தான் பொறாமைப்படுவது என்று கணக்கில்லாமல் அவள் எல்லாவற்றுக்கும் பட்டாள். ‘அக்கா, அக்கா’ என்று வடிவு வாய் நிறையக் கூப்பிடுவதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நல்லவளாக இருந்து தொலைக்கிறாளே என்ற எரிச்சல்.

ஆனி மாசம் வீரய்யாவுக்குக் கப்பக்காரன் பாறைக்குக் கீழே கான் வெட்டு.

அந்தப் பாறைக்கு ஒரு கதை உண்டு. ஒற்றைக் கண் வெள்ளைக்காரன் ஒருவன், கடலில் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்த வெள்ளியைப் பொதிமாட்டில் ஏற்றிக்கொண்டு, ராஜாவின் படைக்குத் தப்பி மலையேறி வந்தானாம். பாறைக்கடியில் புதைத்து, காவலுக்கு ஒரு பெண்ணைப் பலி கொடுத்துவிட்டுப் போனானாம். கடல் எங்கே, பூண்டுலோயா எங்கே? கருவாடு வாங்கவே சந்தைக்கு நடக்க வேண்டிய ஊர். ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். புதையல் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வீரய்யாவின் மண்வெட்டியில் ஒருநாள் ‘கிணுங்’ என்றது. குனிந்து எடுத்தான். கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு, உள்ளங்கையை நிறைக்கிற அளவில். மண்ணில் எடுத்தால் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கான் வெட்டுகிறவர்களின் வழக்கம். மடியிலிருந்த வெற்றிலையை விரித்து, அதில் ஒரு சதக் காசை வைத்து, எடுத்த இடத்திலேயே மூடிவிட்டுத்தான் வந்தான்.

சாம்பல் போட்டுத் தேய்த்ததும் காசு பளிச்சென்று ஆனது. ஒரு பக்கம் ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் கேடயம், இரண்டு தூண். வீரய்யா அதில் உருண்டையாக ஒரு துளை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, வடிவின் கழுத்தில் கட்டினான். அன்று சாயந்தரம் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், லயமே கூடிவிட்டது. தோட்டப் பள்ளிக்கூட மரியரட்ணம் மாஸ்டரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

“இது ஸ்பெயின் தேசத்து ராசா காசு” என்றார். “கடல் கொள்ளைக்காரங்க கதையில வருமே, அதே வெள்ளிதான்.”

“பாத்தீங்களா! கப்பக்காரன் காசு!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

“இருங்கப்பா. கொள்ளைக்காரன் மட்டும் வச்சிருந்த காசுன்னு நெனச்சிறாதீங்க. அந்தக் காலத்துல எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இது செல்லும். இந்தா, சின்னச் சின்னதா குத்தியிருக்கு பாருங்க. நல்ல வெள்ளிதானான்னு பாத்து ஏவாரிக குத்தின முத்திரை. எத்தனை கை மாறி வந்துச்சோ! கப்பலைப் புடிச்சவன் ஒருத்தன்னா, இதை மடியில முடிஞ்சு வச்சிருந்தவன் ஆயிரம் பேரு.”

யார் கேட்டார்கள்? வடிவு சிரித்துக்கொண்டே காசைத் தூக்கி, நெற்றிச்சுட்டி மாதிரி நெற்றியில் வைத்துக் காட்டினாள்.

“அடியே! எடு கையை!” பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். “நெத்தியில காசு பொணத்துக்குத்தான் வைப்பாங்க. வாயும் வயிறுமா இருக்கிற புள்ள பண்ற வேலையா இது?”

வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டு காசை இறக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஒந்தம்பி பொண்டாட்டிக்கு வெள்ளி மாட்டிட்டான். நீ எனக்கு ஒரு பாசிமணி வாங்கிக் குடுத்திருக்கியா?” என்று சோலைமலையைப் பிடித்தாள்.

“அவன் கான் வெட்டுனான், கெடைச்சுச்சு. கவ்வாத்துல காசா முளைக்கும்?” என்றான் அவன். அன்றைக்கு அவனுக்குச் சோறு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

ஆடிப் பூசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கோயில் வாசலில் வடிவு வெள்ளி மின்ன நிற்பாள், பக்கத்தில் தான் மொட்டைக் கழுத்தோடு நிற்க வேண்டும். அதை நினைத்ததும் காளியாயி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்களெல்லாம் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகல்தான், ஆனால் ஆடிப் பனி மலையை மூடிக்கிடந்தது. காளியாயி களை வெட்டும் சுரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கப்பக்காரன் பாறைக்குப் போனாள். வீரய்யா வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தோண்டினாள். நகக்கண் கிழிந்தது. விடவில்லை.

கிடைத்தது.

அதே மாதிரிக் காசு. மண்ணுக்குக் கொடுக்க அவள் மடியில் ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். காசை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்னால் யாரோ நீளமாக மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. தூங்குகிறவர்கள் போர்வையை யாராவது பிடுங்கினால் இழுப்பார்களே, அப்படி. திரும்பிப் பார்த்தாள். பனி. பாறை. வேறொன்றுமில்லை.

கதவில் கிடந்த பழைய நாலுபட்டை ஆணியைப் பிடுங்கி, அம்மிக்கல்லில் காசை வைத்து அடித்து அடித்து ஓட்டை போட்டாள். உருண்டையாக வரவில்லை. சதுரமாக, அதுவும் ஓரம் தள்ளிக் கோணலாக விழுந்தது. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, பூர்வீகச் சொத்து மாதிரி இஸ்தோப்பில் வந்து நின்றாள். தாய்வீட்டுக் காசு, பெட்டிக்குள் கிடந்தது என்று ஒரு பொய்.

“அட, நம்ம வடிவு காசு மாதிரியே இருக்கே!” என்றாள் ஒருத்தி.

வடிவு காசு மாதிரி! எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்ட கதைதான். அதுவும் அவளுடைய காசில் ராஜாவின் மூக்கு தேய்ந்து போயிருந்தது. வடிவின் காசில் ராஜா கண்ணும் மூக்குமாக அழகாக இருந்தான்.

மறுநாள் காலையில் பொட்டு வைத்தாள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நிற்பதற்குள் பொட்டைக் காணோம். வியர்வையில்லை, மழையில்லை. திரும்ப வைத்தாள். மறுபடியும் அழிந்தது. பக்கத்தில் நின்றவள் உற்றுப் பார்த்துவிட்டு, “என்னக்கா, நெத்தி நடுவுல மட்டும் வட்டமா வெளுத்திருக்கு?” என்றாள்.

தொட்டுப் பார்த்தாள். அந்த வட்டம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

மலையில் அவளுக்குக் கடைசிச் செடி வரிசை, அதாவது கடைசி நிரை கிடைத்தது. இடது பக்கம் நிரையே கிடையாது, பள்ளம்தான். பனி இறங்கிவிட்டது. பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. டக்… டக்… டக்… காளியாயி பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

சத்தம் இடது பக்கத்திலிருந்து வருகிறது.

மெல்லத் திரும்பினாள். பனிக்குள் ஒரு பெண் நின்றாள். தலையில் கூடையில்லை. இடுப்பில் கொழுந்துக்காரிகள் சுற்றும் சாக்குப் படங்கில்லை. ரவிக்கையில்லாமல் பழைய காலத்துக் கண்டாங்கியைச் சுற்றியிருந்தாள். கொழுந்து பறிக்கவில்லை. ஒரு விரலால் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதையோ காணோம் என்று தேடுகிறவள் மாதிரி.

டக்… டக்… டக்…

“யாரு?” என்றாள் காளியாயி.

“நெத்தி குளிருது, ஆயி.”

காளியாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கங்காணி அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டார். அது போகட்டும் என்று விட்டுவிட்டாள். தோட்டத்தில் யாரும் சம்பளத்தை அப்படிச் சுலபமாக விடமாட்டார்கள், அதிலும் காளியாயி!

காம்பராவுக்குள் வந்தால் தரையில் செம்மண் பாதச் சுவடு. வாசலிலிருந்து அவள் தலையணைவரை. வந்த சுவடுதான். போன சுவடில்லை.

கப்பக்காரன் பலி கொடுத்த காவல்காரிதான் என்று முடிவு கட்டினாள். சரி, காசைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் அவள் புத்தி போன போக்கைப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பொட்டு அழியவில்லை. அவள் தலைமாட்டில் சுவடில்லை. அதே பாறை, அதே வெள்ளி. அவளை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

பேய்கூட என்னைத்தான் தேடி வருமா? அவளுக்குப் பிள்ளை, அவளுக்கு நல்ல காசு. எனக்கு மூஞ்சி தேய்ந்த காசு, அதோடு பேயுமா? காளியாயிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுகிறவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி அவள்.

வெள்ளிக்கிழமை மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் வடிவு தலை முழுகினாள். காசைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்திருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தாள்.

காளியாயி பார்த்துக்கொண்டாள். அதே மாதிரிக் கயிறு, அதே மாதிரி முடிச்சு. கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிவிட்டாள். வடிவு கண்ணில் சீயக்காய் எரிய, தடவி எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயந்தரம் காளியாயி பொட்டு வைத்தாள். அழியவில்லை. நெற்றி கதகதவென்று இருந்தது. தலையணைக்கடியில் கண்ணும் மூக்குமான ராஜாவை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளும் அவளுக்குக் கடைசி நிரைதான். வடிவு மாசமாக இருந்ததால் காம்பராவில் படுத்திருந்தாள். ஆண்கள் எல்லாரும் மேல்மலையில். மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்து, திரும்பவும் மலையேறியதும் பனி வந்தது.

சொத்… சொத்… சொத்…

சேற்றில் வெறுங்கால் நடக்கும் சத்தம். பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.

காளியாயி திரும்பினாள். அதே கண்டாங்கி. அதே விரல், நெற்றியில். டக்… டக்… அந்தப் பெண் நேராக அவளை நோக்கி வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் வந்தாள்.

நிற்கவில்லை.

திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போனாள். லயத்துக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம்.

காளியாயிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவளே என்னிடம் சொன்னாள். ‘போ, போய்ப் பாரு அவளை. அவ சிரிக்கிறதையும் பாரு’ என்று நினைத்தாளாம். இரண்டு செடி பறித்தாள். மூன்றாவது செடியில் கை நின்றுவிட்டது.

வடிவு தனியாக இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை.

முந்தினநாள் சாயந்தரம்தான் வடிவு அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, “உதைக்குதுக்கா, பாருங்க. பெரியம்மா கை பட்டதும் உதைக்குது” என்றிருந்தாள். அந்த உதை இன்னும் உள்ளங்கையில் இருந்தது. அவளை யாரும் அதுவரை பெரியம்மா என்று சொன்னதில்லை.

கூடை ஒரு பக்கம், காளியாயி ஒரு பக்கம். ஓடினாள். வழுக்கினாள். எழுந்து ஓடினாள்.

லயத்தில் சத்தமே இல்லை…

கடைசிக் காம்பராவின் கதவு திறந்து கிடந்தது. வாசலிலிருந்து செம்மண் சுவடு. உள்ளே போன சுவடுதான்.

வடிவு பாயில் மல்லாந்து படுத்திருந்தாள்.

தலை தெற்கே.

கால்கள் நேராக நீட்டியிருந்தன. இரண்டு பெருவிரலும் சேர்ந்திருந்தன. கழுத்தில் இருந்த கறுப்புக் கயிறு கழுத்தில் இல்லை.

பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.

காசு… நெற்றியில்.

“வடிவு!”

மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து, மெல்லிசாக. காளியாயி காசைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பனிக்கட்டி மாதிரி விரலைச் சுட்டது. பிய்த்துக்கொண்டு வந்ததும் வடிவு வீறிட்டு மூச்சு வாங்கினாள். கால்கட்டைக் காளியாயி பல்லால் கடித்து அறுத்தாள்.

“அக்கா… நெத்தி குளிருது.”

“யாருடி வந்தது?”

“நீங்கதானே வந்தீங்க? தலையத் தடவிக் குடுத்தீங்க… காலை நேரா வச்சீங்க… நீங்கதான்னு நெனச்சேன்.”

நீங்கதானே என்றாளே! பொய்யா அது? இந்தப் பாயில் அவளைக் கிடத்தியது யார்?

தன் காம்பராவிலிருந்து கம்பளியை இழுத்து வந்து வடிவுக்குப் போர்த்தினாள். வயிற்றில் கை வைத்தாள். ஒன்றுமில்லை… ஒன்றுமில்லை… பிறகு லேசாக ஒரு அசைவு. அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. சதுர ஓட்டைக் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கப்பக்காரன் பாறைக்கு ஓடினாள்.

பனியில் பாறை தெரியவில்லை. காலால் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடித்தாள். தோண்டியிருந்த குழி மழையில் தூர்ந்து மேடாகியிருந்தது. மண்டி போட்டாள்.

“ஆயி… எடுத்தது நான்தான். அவ மேல தப்பில்லை. பொறாமைப்பட்டு அவ கழுத்துல மாத்திப் போட்டேன். அவளை விட்டுரு.”

ஃபேக்டரிச் சங்கு எங்கோ கீழே ஊதியது.

காசை ஈர மண்ணில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

அவள் கைக்குக் கீழே மண் இல்லை.

தோல்.

குளிர்ந்த தோல். அதற்குக் கீழே எலும்பு. விரல் நுனியில் புருவ மயிர் பட்டது.

ஒரு நெற்றி.

கையை எடுக்க முடியவில்லை. எடுக்கத் தோன்றவுமில்லையாம். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு இமை துடித்தது. பிறகு மெல்ல… மூடியது.

அவ்வளவுதான். கைக்குக் கீழே வெறும் மண் இருந்தது.

வடிவுக்கு ஆவணியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அவளுடைய நல்ல காசைக் காளியாயி கொண்டுபோய்க் கொடுத்தாள். “இது எப்படி உங்ககிட்ட வந்துச்சுக்கா?” என்று வடிவு கேட்டதற்கு, “அன்னிக்குக் கழுவி வச்சேன்” என்று ஒரு பொய். பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? அது எங்கே போகும்? குழந்தை யாரிடம் அதிகம் சிரிக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அந்தக் குழந்தையை ஒருநாளும் தரையில் விட்டதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானே ‘மனப்பிராந்தி’ என்று சொல்லியிருப்பேன்.

மார்கழியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கப்பக்காரன் பாறைக்குக் கீழே ஒரு மலைத்துண்டே சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை விட்டதும் வழியைச் சரிபண்ண ஆட்களை அனுப்பினார்கள். போனவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தோட்டமே திரண்டு போய்ப் பார்த்தது.

சரிவு வெட்டிவிட்ட மண்சுவரில், ஆள் உயரத்துக்குக் கீழே, வரிசையாக எலும்புக்கூடுகள். தலை தெற்கே. நெருக்கி நெருக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மண்டையோட்டின் நெற்றியிலும் கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு.

மரியரட்ணம் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

“கொள்ளைக்காரனும் இல்லை, புதையலும் இல்லை” என்றார் கடைசியில். “கோப்பித் தோட்டக் காலத்துல கடல் தாண்டி, மன்னார்லேருந்து நடந்தே வந்த நம்ம சனம். வாந்திபேதியில கும்பலா போயிருக்காங்க. வழியில செத்தா நெத்திக்கு வேணுமேன்னு, எப்படியோ சேத்த ஒத்தைக் காசை மடியில முடிஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க. அவசரமா பொதைச்சிருக்காங்க. நெத்திக் காசை எடுக்கக்கூட ஆளில்லை. அதுக்கு மேலதான் தொரைமாரு தேயிலை நட்டுருக்காங்க.”

பெண்கள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

ஒரு மண்டையோட்டில் மட்டும் வெள்ளி இல்லை. செம்புக் காசு. சின்னத்தம்பி கங்காணி துடைத்துப் பார்த்தார். ஆறாம் ஜோர்ஜ் ராஜா தலை போட்ட ஒரு சதம். மக்கிய வெற்றிலை அதில் ஒட்டியிருந்தது. வீரய்யா வெளிறிப்போனான். அவன் அதைக் கானில், முழங்கை ஆழத்தில்தான் வைத்துவிட்டு வந்தான்.

முதலில் வடிவை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று காளியாயிக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுடைய காசுக்கு மாற்றுக் காசு போய்ச் சேர்ந்திருந்தது.

வடிவு தன் கழுத்துக் காசைக் கழற்றி, அந்தச் சதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காளியாயி அதைப் பார்க்கவில்லை. அவள் வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி எலும்புக்கூட்டுக்கு மேலே ஒரு வயசான தேயிலைச் செடி நின்றது. அதன் வேர்கள் விலா எலும்புக்குள் புகுந்து கிடந்தன. நெற்றிக் காசு அசையாமல் இருந்தது. கங்காணி கழற்றப் பார்த்தார், வரவில்லை. காசில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு வேர் நுழைந்து, இரண்டு பக்கமும் கட்டைவிரல் பருமனுக்குத் தடித்துப்போயிருந்தது.

சோலைமலை குனிந்து பார்த்தான். ஆயுசெல்லாம் தேயிலைச் செடியோடு கிடந்தவன்.

“இந்த வேரு இம்புட்டுத் தடிக்க முப்பது வருசமாவது ஆகும்” என்றான்.

காளியாயி நெற்றியை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஓட்டை சதுரமாக, ஓரம் தள்ளிக் கோணலாக இருந்தது. அம்மிக்கல்லில் வைத்து அவள் அதை அடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.